கழன்று விழுந்த சைலன்சர்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை பிற்பகல், கோவை சிங்காநல்லூரில் ஓட்டம் நின்றுபோன ஒரு நூற்பாலையின் வளாகத்துக்குள் இருக்கும் பங்களாவில், மாடியறையின் கதவு வெளிப்பக்கமாகப் பூட்டப்பட்டது. உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவன் ரைஹான். அவன் கைப்பிடியை அழுத்திப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், பிறகு கதவுக்கு வலிக்கப்போகிறது என்பதுபோலக் கையை எடுத்துக்கொண்டான்.

"அக்கா, கதவு சாத்திக்கிச்சுங்க."

"அதுவா சாத்திக்கல. சாத்திப்போட்டாங்க" என்றாள் பிரவீனா. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. மரியாதைக்குக் குறைவில்லாத குரல்.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. பொழுதோட தொறந்து உட்டுடறனுங்க. ஃபேன் போட்டுக்குங்க. சுவிட்சு இடப்பக்கம்."

"சசிதர் சார், இது என்னங்க நியாயம்? நாங்க பெங்களூர்ல இருந்து பழைய மாடல் வண்டிக் கிட்டு வாங்க வந்தவங்க" என்றான் ரைஹான்.

"நீங்க என்ற கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தவருங்க. கீழ காப்பி குடிக்கறப்பவே யோசனை பண்ணிக்கிட்டே இருந்தேன். இப்பத்தான் நெனப்பு வந்துச்சு."

ரைஹான் பிரவீனாவைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்துச் சொன்னான். "ஆல்பம் ரெடியா இருக்குதுங்க. நீங்கதான் வந்து வாங்கவே இல்ல."

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. அதற்கப்புறம் வளாகத்தின் பின்பக்கமிருந்து வந்துகொண்டிருந்த இரைச்சல் மட்டும்தான். வந்ததிலிருந்தே அது கேட்டுக்கொண்டிருந்தது; ஜெனரேட்டர் என்று நினைத்து ரைஹான் அதை விட்டுவிட்டான்.

கல்யாண வீடியோவை விட்டுவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, முகத்தைக் காட்டாமல் வாழ்வது எப்படி என்று அவன் கற்றுக்கொண்டிருந்தான். இன்னும் பாதிப் பாடம்கூட ஆகவில்லை. பிரவீனாவோ காப்பீட்டு நிறுவனத்துக்காக எரிந்த கடைகளையும் நொறுங்கிய லாரிகளையும் பார்வையிட்டே பாதி வயதைக் கழித்தவள். எதைப் பார்த்தாலும் முதலில் அது எப்படி உடைந்தது என்றுதான் பார்ப்பாள். இப்போதும் பூட்டைப் பார்க்காமல் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பார்க்க வேண்டிய அறைதான். மூன்று சுவர்களிலும் கண்ணாடி அலமாரிகள். உள்ளே கையகல வண்டிகள் வரிசை வரிசையாக நின்றன. கூரையில்லாத, குட்டையான, பின்சக்கரம் பெருத்த வண்டிகள். இன்ஜினை மறைக்க மூடிகூடக் கிடையாது. முதுகில் தூக்கிக்கொண்டு நின்றன. அமெரிக்காவில் மணல்மேட்டில் ஓட்டுவதற்காக அரை நூற்றாண்டுக்கு முன் செய்த டியூன் பக்கி வண்டிகளின் பிளாஸ்டிக் மாதிரிகள். அந்தக் காலத்துப் பெட்டியிலேயே உதிரி உதிரியாக வரும். ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, ஒட்டிச் சேர்க்க வேண்டும்.

சேர்த்தவர் வரதராஜுலு, இந்த ஆலையின் முதலாளி. இரண்டு மாதமாக மகள் சைத்ராவின் கண்ணில் படாதவர்.

"நாயனா யாரையும் பாக்க மாட்டேங்கறார்னு சசி சொல்றான்" என்று சைத்ரா இவர்களிடம் வந்திருந்தாள். அப்பாவை நாயனா என்றே கூப்பிடும் வீடு அது. சித்தப்பா மகன் சசிதர்தான் இப்போது எல்லாம். போனில் கேட்டால் அப்பாவே பேசுகிறார்: நல்லாருக்கேன், வர வேண்டாம். அவர் வாயாலேயே அப்படிச் சொல்கிறபோது போலீஸ் என்ன செய்யும்? வரும் திங்கட்கிழமை ஆலை நிலம் கைமாறுவதாகப் பேச்சு. உயிரோடு இருக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் முன்பு சொல்லியிருந்தார். அந்த 'உயிரோடு' என்ற சொல்தான் சைத்ராவைத் தூங்கவிடவில்லை.

போன வாரம், பெரியப்பா நலமாக இருக்கிறார் என்பதற்கு அத்தாட்சியாக, அவர் புதிதாகச் செய்த வண்டி என்று ஆரஞ்சு நிற பக்கி ஒன்றைச் சசிதர் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவள் கையில் வாங்கிய உடனே அதன் சைலன்சர் கழன்று விழுந்தது.

அந்த வண்டி இப்போது பிரவீனாவின் கைப்பையில், ஒரு மைசூர்பா டப்பாவுக்குள் இருந்தது. அவள் அதை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"போலீசுக்குப் போன் அடிக்கலாமுங்களா?" என்றான் ரைஹான்.

"அடிச்சா, கதவு இறுகிக்கிச்சு, ஆசாரி வாரான்னு சசிதர் சொல்லுவாரு. ஸ்டேஷன்ல அந்த எஸ்.ஐ. அம்மா நம்மகிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒரே ஒரு எடம் சொல்லுங்க, வாரேன், ஊரு பூரா சல்லடை போட முடியாதுன்னாங்க."

"அந்த ஒரு எடத்தைக் கண்டுபுடிப்போம். வேற வேலையும் இல்ல. வெளிய போகவும் முடியாது."

ரைஹான் ஜன்னலுக்குப் போனான். இரும்புக் கிராதி. அதற்கு வெளியே கொசுவலை. கீழே போர்ட்டிகோவுக்கு முன்னால் சசிதரின் வெள்ளைக் கார். அதற்கப்பால் வாசல் கேட்டு, வாட்ச்மேன், ஒரு வேப்பமரம். குதிக்கலாம், ஆனால் கிராதிக்குள் நுழைய அவன் இந்த அலமாரி வண்டிகளின் அளவுக்குச் சுருங்க வேண்டும். கதவு தேக்கு. அந்தக் காலத்து முதலாளிகள் கதவு செய்தால் சந்ததிக்கும் சேர்த்துச் செய்திருக்கிறார்கள். காற்றில் பெயின்ட் வாடை. மின்விசிறி அதையே சுற்றிச் சுற்றி மூக்குக்குக் கொண்டுவந்தது. அவனுக்குச் சட்டைக் காலர் இறுகுவதுபோல இருந்தது. காலரில் பட்டனே போடவில்லை.

"பயமா இருக்குதா?" என்றாள் பிரவீனா.

"இல்லீங்க. காப்பிக்கு வடை வரும்னு இருந்தேன். இனி வராதாட்டருக்குது."

"இங்க வா. சைலன்சர் ஏன் விழுந்துச்சு, சொல்லு."

இது சைத்ரா சொல்லிக்கொடுத்த பாடம். சைலன்சர், பம்பர், விளக்கு வளையம் எல்லாம் பளபளவென்று குரோம் பூசி வரும். பசை பிளாஸ்டிக்கை லேசாக உருக்கித்தான் ஒட்டும். குரோம் மேல் அது நிற்காது. ஒட்டுகிற இடத்தில் மட்டும் கத்திமுனையால் பூச்சைச் சுரண்டிவிட வேண்டும்.

"சுரண்டலீங்க. அதனால விழுந்துச்சு. அப்படின்னா இதைச் செஞ்சவரு பெரியவர் இல்ல. வேற யாரோ செஞ்சு அவரு பேரைச் சொல்லியிருக்காங்க. அப்படின்னா பெரியவர்..." ரைஹான் அந்த வாக்கியத்தை முடிக்க விரும்பவில்லை.

"சைத்ராவும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு அழுதாங்க. இப்ப பம்பரை இழு."

அவன் இழுத்தான். வரவில்லை.

"விளக்கு?"

வரவில்லை.

"ஸ்டியரிங், கண்ணாடி, இந்தப் பக்கத்துச் சைலன்சர், எல்லாத்தையும் இழுத்துப் பாரு. உன்ற பலத்தை எல்லாம் காட்டாதே."

எதுவும் அசையவில்லை. பிரவீனா அலமாரியிலிருந்து ஒரு நீல வண்டியை எடுத்து ஆரஞ்சு வண்டியின் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் ஒட்டுவாய் தெரியவில்லை. இரண்டு டயரிலும் அச்சுக் கோடு தேய்த்து எடுக்கப்பட்டிருந்தது.

"வேலை தெரியாதவன் செஞ்சா எல்லா எடத்துலயும் தப்புப் பண்ணுவான். ஒரு எடத்துல மட்டும் தப்பா இருந்தா?"

ரைஹானுக்குப் புரிய ஒரு மூச்சு நேரம் ஆனது. "வேணும்னே செஞ்சதுங்களா?"

"பெரியவர் கையேதான். கழண்டு விழணும்னே ஒட்டியிருக்காரு. சசிதர் பக்கத்துல நிக்கறப்ப போன்ல சொல்ல முடியாததை இதுல சொல்லியிருக்காரு. சசிதர் கண்ணுக்கு அது சாதாரணமா உடைஞ்சது. மகளுக்கு மட்டும்தான், நாயனா இப்படி ஒட்ட மாட்டாரேன்னு தோணும்."

"அப்ப அவர் உயிரோடதான் இருக்காரு."

"போன வாரம் இருந்தாரு."

அவள் வண்டியைத் தலைகீழாக்கி, சைலன்சர் இருந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டினாள். குழாய் மறைத்துக்கொண்டிருந்த குழியில், பெயின்ட் ஈரமாக இருந்தபோதே, ஒரு சிட்டிகைப் பஞ்சு அழுத்திப் பதிக்கப்பட்டிருந்தது. வெள்ளைப் பஞ்சு இல்லை. ரோஸ், கிளிப்பச்சை, நீலம் எல்லாம் கலந்த பஞ்சு.

கோயமுத்தூரில் பிறந்தவனுக்கு அதைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. திருப்பூரில் பனியன் வெட்டி மிஞ்சும் வண்ணத் துண்டுகளை மிஷினில் போட்டுக் கிழித்துத் திரும்பப் பஞ்சாக்குவார்கள். அப்படிக் கிழிக்கும் இடத்தில் மனிதனின் புருவம்கூட ரோஸாகிவிடும்.

"கருமத்தம்பட்டி. சசிதரோட கழிவுப் பஞ்சு மில்லு அங்கதானுங்க இருக்குது" என்றான் ரைஹான்.

பிரவீனா தலையசைத்தாள். அவன் சைத்ராவுக்குப் போன் போட்டான். அவள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பேக்கரியில் எஸ்.ஐ. அம்மாவுடன் காத்திருந்தாள்.

"உங்கப்பா இருக்காருங்க. கருமத்தம்பட்டி மில்லுல. உடனே கெளம்புங்க."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும், பிறகு ஜீப் கிளம்பும் சத்தமும் கேட்டன.

ரைஹான் போனைப் பைக்குள் போட்டுவிட்டு மேஜையில் சாய்ந்தான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பூட்டிய அறைக்குள் இருந்தபடியே ஒரு வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தான். நினைத்தபடியே மேஜையில் பாதி வேலையில் கிடந்த இன்னொரு வண்டியின் உடலைக் கையில் எடுத்தான்.

"நல்ல வேளைங்க, இதையாவது அவரு முடிக்கறதுக்கு..." அவன் நிறுத்தினான். விரலைப் பார்த்தான். விரலில் ஆரஞ்சு நிறம்.

"அக்கா. இது ஈரமா இருக்குதுங்க."

பிரவீனா சட்டென்று நிமிர்ந்தாள். "சசிதர் என்ன சொன்னாரு?"

"பெரியப்பா நேத்தே சென்னிமலைக்குப் போயிட்டாரு, இங்க எல்லாம் போட்டது போட்டபடி கெடக்குதுன்னாருங்க."

"நேத்து அடிச்ச எனாமல் பெயின்ட் இன்னிக்கு விரல்ல ஒட்டாது." அவள் அந்த உடலின் உள்ளே பார்த்தாள். இருக்கைப் பள்ளத்தில் நான்கு கறுப்பு டயர்கள் குவித்துப் போடப்பட்டிருந்தன. அவள் சுவரைக் காட்டினாள். "அதைப் பாரு."

சுவரில் ஒரு சட்டம் மாட்டியிருந்தது. உள்ளே படமில்லை, ஒரு மஞ்சள் பக்கியின் உடல். அதன் நடுவில் மெழுகு உருகியதுபோல வட்டமாக ஒரு பள்ளம். டயரின் அளவுக்கு.

ரைஹானுக்குச் சைத்ராவின் பேச்சு நினைவுக்கு வந்தது. பழைய கிட்டின் டயர் மெத்தென்ற பிளாஸ்டிக். கெட்டிப் பிளாஸ்டிக்கோடு சேர்த்துப் போட்டால் நாளாக நாளாக அதைத் தின்றுவிடும். சின்ன வயதில் சைத்ரா தெரியாமல் டயரையும் உடலையும் ஒன்றாகப் போட்டு மூடிவைத்ததற்கு, வரதராஜுலு அடிக்கவில்லை, திட்டவில்லை. கெட்டுப்போன உடலைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். அலமாரியின் கீழ்த்தட்டில் ஒவ்வொரு கிட்டின் டயரும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தது இங்கிருந்தே தெரிந்தது.

"பெரியவர் டயரை உள்ள போட மாட்டாரு. இதை இங்க கொண்டாந்து வெச்சது சசிதர். நாம வாரோம்னு தெரிஞ்சு, பெரியவர் இந்த ரூம்லயே வேலை செஞ்ச மாதிரி காட்டணும்னு, அவரு அடிச்சுக்கிட்டிருந்ததைப் புடுங்கிக் கொண்டாந்து போட்டிருக்காரு. இன்னிக்கு. காலைல" என்றாள் பிரவீனா.

"கருமத்தம்பட்டியிலிருந்து?"

"ஈரப் பெயின்ட்டைக் கையில புடிச்சுக்கிட்டு அவினாசி ரோட்டுல வர முடியுமா? ஒரு வேகத்தடை போதும், கைரேகை பூரா அதுல இருக்கும். இதுல ஒரே ஒரு விரல்தான் பதிஞ்சிருக்குது. அதுவும் உன்றது."

ரைஹான் விரலைச் சட்டையில் துடைத்தான். அது நல்ல சட்டை.

"நடந்து வார தூரம். ரைஹான், அந்தச் சத்தம் என்னது?"

அவன் காது கொடுத்தான். ஜெனரேட்டர் ஏன் ஓட வேண்டும்? மின்விசிறிதான் சுற்றுகிறதே, கரண்ட் இருக்கிறது. அவன் ஜன்னலுக்கு ஓடி, கிராதிக்குள் கையை விட்டு, கொசுவலையை விரலால் தடவினான். ரோஸ், கிளிப்பச்சை, நீலம்.

ஓட்டம் நின்றுபோன ஆலையின் பின்பக்கத்துக் கிடங்கில் ஒரு கிழிப்பு மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. யார் கூப்பிட்டாலும் வெளியே கேட்காத இடம்.

"இங்கயே இருக்காருங்க. நாம ஜீப்பை அந்தப் பக்கம் தாட்டி உட்டுட்டோம்" என்றான்.

"அதான் நம்மளைப் பூட்டியிருக்காரு. பெரியவர் கருமத்தம்பட்டியில இருந்தா இன்னொரு காப்பி குடுத்து வழியனுப்பியிருப்பாரு. அவரை வண்டியில ஏத்தறப்ப நாம குறுக்க வந்துடக் கூடாது. காரு இன்னும் நிக்குதா?"

நின்றது. ஆனால் டிக்கி திறந்திருந்தது.

போனில் சைத்ராவின் குரல் ஜீப் இரைச்சலோடு வந்தது. நீலாம்பூர் தாண்டியாகிவிட்டது. திரும்புகிறோம், திரும்புகிறோம் என்றாள். பின்னால் எஸ்.ஐ. அம்மா யாரையோ, அநேகமாக இவர்களைத்தான், திட்டிக்கொண்டிருந்தாள்.

ரைஹான் கத்தினான். வாட்ச்மேன் அண்ணா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். மிஷின் சத்தம் அதை விழுங்கிவிட்டது. வாட்ச்மேன் வேப்பமரத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். கதவை உதைத்தான், கால்தான் வலித்தது. கிராதியைப் பிடித்து உலுக்கினான். துரு உள்ளங்கையில் ஒட்டியது. சசிதர் எப்போது வேண்டுமானாலும் அந்தக் காரைக் கிளப்பலாம். தடுக்க நினைக்கும் இரண்டு பேரும் அதற்கு நேர் மேலே, மாதிரி வண்டிகளோடு இன்னொரு மாதிரியாக அலமாரியில் நிற்கிறார்கள்.

அப்போது கிடங்கின் பக்கமிருந்து இருவர் வந்தார்கள். சசிதர், அவன் கைப்பிடியில் ஒரு வயதானவர். வேட்டி, அரைக்கைச் சட்டை, நரைத்த தலைமுடியில் பொடிப்பொடியாக ரோஸ் நிறம். அவர் மெதுவாக நடந்தார். சசிதர் பின்கதவைத் திறந்து அவரை ஏற்றினான்; தலையில் இடிக்காமல் கைவைத்து ஏற்றினான்.

"மேஜைக்கு அடியில என்ன டப்பா அது?" என்றாள் பிரவீனா.

வெளிநாட்டுப் பெயின்ட் குப்பிகள் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. அதனால் வரதராஜுலு ஹார்ட்வேர் கடையில் லிட்டர் கணக்கில் எனாமல் வாங்கி வைத்திருந்தார். ரைஹான் கறுப்பு டப்பாவை இழுத்தான். பிரவீனா மேஜைக் கத்தியால் கொசுவலையை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிழித்தாள். அவன் ஸ்குரூடிரைவரால் மூடியை நெம்பி, டப்பாவைக் கிராதிக்கு வெளியே பிடித்தான்.

"கண்ணாடி மேல. முன் கண்ணாடி" என்றாள்.

"எத்தனை கல்யாணத்துல கூட்டத்துக்கு மேல கேமரா புடிச்சிருக்கேன். கை ஆடாதுங்க."

கை ஆடவில்லை. கறுப்பு எனாமல் தடித்த கயிறுபோல இறங்கி, முன் கண்ணாடியில் ஓட்டுநர் பக்கமாக விழுந்து, பரந்து, ஓரங்கள் தவிர எல்லாவற்றையும் மூடியது.

சசிதர் உள்ளே உட்கார்ந்து வண்டியைக் கிளப்பியிருந்தான். முதலில் வைப்பரைப் போட்டான். அது செய்யக்கூடிய அத்தனை கெடுதலையும் அது செய்தது. கொஞ்சம் தெரிந்துகொண்டிருந்த ஓரங்களும் கறுத்துப்போயின. அவன் இறங்கி மேலே பார்த்தான்.

"என்னங்க இது, படிச்சவங்க செய்யற வேலைங்களா?"

"தெரியாம கொட்டிப்போச்சுங்க" என்றான் ரைஹான்.

சசிதர் ரப்பர் குழாயைக் கொண்டுவந்து தண்ணீர் அடித்தான். தண்ணீர் பெயின்ட்டின் மேல் முத்து முத்தாக உருண்டு, அதைத் தொந்தரவு செய்யாமல் கீழே போனது. துணியால் துடைத்தான், துணியும் கையும் கறுப்பாயின. பின்கதவு திறந்தது. வரதராஜுலு இறங்கி, ஒரு கையைக் காரில் ஊன்றிக்கொண்டு, கண்ணாடியைக் கூர்ந்து பார்த்தார். மேலே இருந்தவர்களுக்கும் அவர் குரல் கேட்டது.

"கலக்காம ஊத்தியிருக்காங்க. பாரு, எண்ணெய் தனியா ஓடுது."

"பெரியப்பா, உள்ள உக்காருங்க."

"தண்ணிக்கு இது போகாது கண்ணு. தின்னர் வேணும்."

சசிதர் மாடிக்கு வந்தான். கதவுக்கு வெளியே நின்றான். மூச்சு வாங்குவது கேட்டது.

"அம்மணி, அந்தத் தின்னர் கேனை ஜன்னல் வழியாப் போட்டுடுங்க. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டேன்."

"இது அஞ்சு லிட்டர் கேன், கிராதியில நுழையாது தம்பி. கதவைத் தொறங்க, கையில குடுக்கறேன்" என்றாள் பிரவீனா.

சாவி பூட்டில் நுழையும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை. திறந்தால் இவர்கள் இருவரும் வெளியே வருவார்கள்; திறக்காவிட்டால் கார் போகாது. அவன் அங்கேயே நின்று யோசித்தான். ரைஹான் கதவில் காதை வைத்துக்கொண்டு, அவன் மேலும் யோசிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான்.

"தின்னர்ல சீக்கிரம் போற ரகமும் இருக்குதுங்க, மெதுவாப் போற ரகமும் இருக்குதுங்க. உங்களுக்கு எது வேணும்னு சொன்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடுங்க வீடியோக்காரரே."

"மூடிக்கறேன். ஆல்பத்தை மட்டும்..."

வாசலில் ஹாரன் கேட்டது. நீளமான, எரிச்சலான ஹாரன். வாட்ச்மேன் கேட்டைத் திறக்க ஓடும் சத்தம். கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் வேகமாகப் படியிறங்கியது.

ரைஹான் ஜன்னலுக்கு வந்தபோது ஜீப் காருக்குக் குறுக்கே நின்றிருந்தது. சைத்ரா இறங்கி ஓடிவந்து, அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். எஸ்.ஐ. அம்மா கறுத்த கண்ணாடியைப் பார்த்தாள், மேலே பார்த்தாள்.

"யாரு ஊத்தினது?"

ரைஹான் பிரவீனாவைக் காட்டினான். பிரவீனா ரைஹானைக் காட்டினாள்.

வரதராஜுலு அன்று மாலை மகளோடு அவள் வீட்டுக்குப் போனார். திங்கட்கிழமை பத்திரப்பதிவு நடக்கவில்லை. தப்பியோடப் பார்த்த சசிதர் பிடிபடும் முன் சாவியை எங்கோ எறிந்துவிட்டதால், சனிக்கிழமையே ஆசாரி வந்து மாடியறைக் கதவைக் கீலோடு கழற்றினார். சட்டவிரோதமாக அடைத்து வைத்ததாகச் சசிதர் மீது வழக்குப் பதிவானது. அடைபட்டவர்கள் என்று புகாரில் மூன்று பேருடைய பெயர் இருந்தது.